பொதி கொடுக்கிற முறை

மோனை, நீ கேட்டது சின்ன விஷயம். அதற்கு ஒரு தாள் போதும். ஆனால் நான் மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அன்றைக்குப் போனில் உன் குரல் நல்ல உற்சாகமாக இருந்தது. "அம்மா, இஞ்சை மலையிலையும் சாமானெல்லாம் திரும்ப நெருப்பு விலை. நேற்று எஸ்டேட் சனம் ரோட்டை மறிச்சுப்போட்டுதுகள், பொலிசும் வந்திட்டுது. மிஷனாலை சாப்பாட்டுச் சாமான் பொதி அனுப்புறாங்கள், ரெண்டு கிழமையிலை வந்திடும். நீங்களும் அப்பாவும் அண்டைக்குச் செய்த மாதிரியே செய்யப்போறன், ஜெபம் முடியப் பொதி. எப்பிடி ஒழுங்குபடுத்தினனீங்கள் எண்டு விபரமா எழுதி அனுப்புங்கோ" என்றாய். நான் குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். முறித்தது பாதி, முறிக்காதது பாதியாக வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சமையலே நடக்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு போனில் கதைப்பது எனக்குச் சரிவராது. நீ இடைக்கிடை "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய், பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாய், நானும் சாப்பிட்டாயோ என்று கேட்டு முடித்துவிடுவேன். இது அப்படி முடிக்கிற கதை இல்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது, மோனை. முழங்கால் நோவும் சீனி வருத்தமும் ஒரு பக்கம். இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிகிற அலுப்பு வேறு பக்கம். ஆகவே ஒரே இருப்பில் இருந்து இதை வாசி. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசிவரை வாசி.

நீ ஊழியத்துக்கு மலைநாட்டுக்குப் புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, அப்பா போதகராக இருந்த எங்கள் புத்தூர் ஜெப மண்டபத்தில் உன்னை வழியனுப்ப வைத்த ஆராதனையில் சாட்சி சொன்னாய். விலைவாசி ஏறிச் சனம் தவித்த அந்த வருஷத்தில், இதே மண்டபம் நிரம்பி வழிந்து அத்தனை பேரும் முழங்காலில் நின்றதைச் சொன்னாய். "முன்வரிசையில் முக்காடு போட்ட ஒரு தாய், முகம்கூடத் தெரியவில்லை, தோள் குலுங்கக் குலுங்க அழுதா. அந்தக் கணத்தில்தான் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார்" என்று சொன்னாய். யன்னலோரம் நின்று போனில் நீ எடுத்த அந்தப் படத்தைப் பிரதி எடுத்து உன் வேதாகமத்துக்குள் வைத்திருப்பதாகவும் தூக்கிக் காட்டினாய். சனம் அல்லேலூயா சொன்னது. நான் இரண்டாம் வாங்கில் இருந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பிள்ளையின் பிரிவை நினைத்துக் குனிந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அது இல்லை.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ பரீட்சைக்குப் படிக்கிற பெடியன். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கிற மிசின்கள் நின்றன. உரம் இல்லாமல் செம்மண்ணில் வெங்காயம் கச்சான் கடலை அளவில் நின்றுவிட்டது. காலையில் ஒரு விலை சொன்ன பாண் பின்னேரம் இன்னொரு விலை. கொழும்பில் சனம் வீதிக்கு இறங்கிவிட்டது என்று றேடியோ சொல்லும், பாதியில் மின்சாரம் போய்விடும். எங்கள் சந்தியில் எண்ணெய் வரிசையில் கான் கானாக அடுக்கி வைத்துக் கல் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் யாரோ ஒருவருடைய கானைத் தள்ளி வைத்ததற்கு மண்டை உடைபட்டது. கூலிக்குத் தோட்டத்தில் களை பிடுங்குகிற பெண்கள் வேலை இல்லாமல் வேலியோரம் நிற்பார்கள். உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், திரும்பி வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். "அந்த வீட்டிலை மூண்டு பிள்ளையும் தேத்தண்ணியோடை படுத்திட்டுதுகளாம். எனக்கு இறங்கேல்லை, நீர் எடும்" என்பார்.

அப்போதுதான் மிஷன் முதல் லொறியை அனுப்பியது. அரிசி, மா, பருப்பு, சீனி, சோயாமீற், ரின் மீன் எல்லாம் ஒரு பையில். அப்பா படலையைத் திறந்து வைத்துவிட்டு "வாங்கோ, வாங்கோ, எல்லாருக்கும் இருக்கு" என்றார். அந்த மனுசனுக்கு உலகம் தெரியாது. பத்து நிமிஷத்தில் படலை கொளுக்கியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மாப் பை வெடித்து முற்றம் வெள்ளையானது. பின்னுக்கு நின்றவர்கள் "வேதக்காரருக்கு மட்டுமோ? எங்களுக்கு வயிறு இல்லையோ?" என்று கத்தினார்கள். ஒரு கல் வந்து யன்னல் கண்ணாடியில் விழுந்தது. அப்பா நெரிசலில் விழுந்து முழங்கை தோலுரிந்துபோனது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சுவரோடு நசுங்கி "ஐயோ, என்ரை பிள்ளை" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லகாலம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த லொறி வரமுதல் நான்தான் முறை போட்டேன். கேட்டுக்கொள், நான்தான். ஊரெல்லாம் அது அப்பாவின் ஏற்பாடு என்று நினைக்கிறது, நீயும் சாட்சியில் அப்படித்தான் சொன்னாய். "இஞ்சருங்கோ, சனத்தை நிக்கவிட்டால் நெரிபடும். மண்டபத்துக்குள்ளை இருத்துங்கோ. இருந்த சனம் தள்ளாது. ஜெபத்தைச் சொல்லி முடியுங்கோ, முடிய வரிசை வரிசையா எழுப்பி ஆளுக்கொரு துண்டு குடுங்கோ, துண்டைக் காட்டினால் பொதி" என்றேன். ஜெபத்தை நான் ஒரு கயிறு மாதிரித்தான் பாவித்தேன். சனத்தைக் கட்டிவைக்க அது வேண்டியிருந்தது. அது யாரை என்ன செய்யவைக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. படலையில் நின்ற எங்கள் சபைப் பெடியன்கள் அதை இன்னும் சுருக்கிச் சொல்லிவிட்டார்கள்: "ஜெபத்துக்கு இருந்தால்தான் பொதி." நான் அதைக் கேட்டேன். திருத்தவில்லை. ஒழுங்கு நடக்கிறதே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு உள்ளே இடமில்லை. அப்பா ஜெபம் தொடங்கி, தான் முழங்காலில் நின்றார். சபையாரும் நின்றார்கள். அதைப் பார்த்து மற்றச் சனமும் ஒவ்வொருவராக நின்றது. அதுவும் பொதிக்கு வேண்டியதாக்கும் என்றுதான் அதுகள் நினைத்திருக்கும். இருபத்தைந்து வருஷம் பதினைந்து இருபது பேருக்குப் பிரசங்கம் பண்ணின மனுசன் கண்ணைத் திறந்து பார்க்கிறார், மண்டபம் முழுக்க முழங்கால். முடிந்து குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தார். "பாத்தீரோ? எழுப்புதல் வந்திட்டுது. ஆண்டவர் எங்கடை ஊருக்கு வந்திட்டார்" என்று அழுதார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் கண்டதில்லை. நான் "ஓம், ஓம். முகத்தைக் கழுவுங்கோ, இன்னும் பொதி கிடக்கு" என்றேன்.

இனி அந்த முக்காடு போட்ட தாயின் கதைக்கு வாறேன்.

எங்கள் ஊரில் சைவம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சமயத்தைச் சொன்னாலும் சைவம், மீன் இறைச்சி சேர்க்காத சாப்பாட்டைச் சொன்னாலும் சைவம். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துதான் இந்தப் பிழை வந்தது. அன்று ஜெபம் தொடங்கமுதல் ஒருத்தி குசினிப் பக்கக் கதவால் வந்தாள். ஊதாச் சேலை, நெற்றியில் திருநீறு. "அக்கா" என்றாள். நான் ஒருக்கால் பார்த்ததோடு சரி, துண்டு எண்ணுகிற அவதியில் பிறகு நிமிரவில்லை. "அக்கா, நாங்கள் சைவம்" என்றாள். "அதுக்கென்ன, ரின் மீனை எடுத்துப்போட்டுச் சோயாமீற் ரெண்டாப் போட்டுவிடுறன்" என்றேன். அவள் போகவில்லை. "இல்லை அக்கா, நாங்கள் சைவம் அல்லோ..." என்று இழுத்தாள். "ஓமோம், விளங்குது, விளங்குது. முட்டையும் இல்லைத்தானே? கெதியாப் போய் உள்ளுக்கை இருங்கோ, துண்டு முடிஞ்சிடும்" என்று கையால் வழி காட்டினேன். எனக்குள்ளே ஒரு பெருமை வேறு. பார், அவர்களுடைய ஆசாரத்துக்கும் மதிப்புக் கொடுத்துப் பொதியை மாற்றுகிறேன் என்று.

அவள் பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வெயிலுக்குக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பின்னுக்கு இடமில்லாததால் முன்வரிசையில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. எல்லாரும் முழங்காலில் நிற்க, அவளும் நின்றாள். நின்று அழுதாள். நீ யன்னலோரம் நின்று அதைப் படம் எடுத்தாய்.

அவள் வேறு யாருமில்லை, மோனை. பின்லேன் பரமேஸ் அன்ரி. உனக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து தருகிறவள், தன் மகளுக்கு நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று இன்றைக்கும் உன்னைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறவள்.

அவள் என்னிடம் உண்மையில் கேட்டது என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதன்பிறகு அவள் எங்கள் ஒழுங்கையால் வருவதை விட்டுவிட்டாள், சுற்றிப் போவாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்கித் தின்றுவிட்டு முகத்தைத் திருப்புகிறாள் என்று உன் அப்பாவிடம் குறைகூடச் சொன்னேன். ஏழெட்டு மாதம் கழித்து, சாமான் விலையெல்லாம் கொஞ்சம் இறங்கின பிறகு, அச்சுவேலிச் சந்தையில் பீற்றூட் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நேரே போய், "என்ன பரமேஸ், கண்டும் காணாத மாதிரி? நான் உமக்கு என்ன குறை விட்டனான்?" என்று கேட்டேன். அவள் பீற்றூட்டைக் கீழே வைத்தாள். "அக்கா, அண்டைக்கு நான் உங்களிட்டை என்ன கேட்டனான் எண்டு தெரியுமோ?" "ஏன் தெரியாது? மீன் வேண்டாம் எண்டனீர்." அவள் சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது. "நாங்கள் வீட்டிலை நல்லா மீன் தின்னுறனாங்கள் அக்கா. கிடைச்சால் தின்னுவம். நான் கேட்டது, நாங்கள் சைவச் சமயம், முழங்காலிலை நிக்காமல் பொதி தருவியளோ எண்டு. அதை வாய்விட்டுக் கேக்க வெக்கமாக் கிடந்தது. சைவம் எண்டால் விளங்கும் எண்டு நினைச்சன்."

அவள் நிற்பாட்டவில்லை. இவ்வளவு நாள் வைத்திருந்தவள் அல்லவா. "என்ரை கையாலை திருநீறை அழிச்சிட்டுப் போனனான் அக்கா, உங்கடை பைப்படியிலை. தாலி கட்டின நாளிலையிருந்து நான் நெற்றி வெறுமனாய்ப் படலை தாண்டினது இல்லை. எங்கடை மனுசன் இணுவில் கந்தசாமியாருக்கு விரதம் பிடிக்கிற ஆள். அந்த அரிசியை அவர் தொடேல்லை. ரெண்டு நாள் வெறுந் தேத்தண்ணியோடை கிடந்தார். பிள்ளையள் திண்டுதுகள். நானும் திண்டனான். எனக்குப் பசிச்சது." கடைசிச் சொல்லைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. நான் "பரமேஸ், என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். "மன்னிப்பெல்லாம் என்னத்துக்கு? நீங்கள் சோறு தந்தனீங்கள். 'சைவமோ, அதுக்கென்ன, கொண்டுபோ' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்" என்று சொல்லிவிட்டு, என் பைக்குள் ஒரு கட்டுப் பீற்றூட்டைப் போட்டாள். மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லத்தான் நினைத்தேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து, நீ எடுத்த அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே மாட்டலாம் என்று கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். அதற்கு அடுத்த வருஷம் பாரிசவாதம் வந்து படுத்தாரே, வாய் கோணின பிறகும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார். "அந்த ஒரு ஞாயிறு காணும் எனக்கு" என்று குழறிக் குழறிச் சொல்லுவார். பொதி நின்ற பிறகு சனம் ஏன் மண்டபத்துக்கு வரவில்லை என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ, எனக்குத் தெரியாது. நான் கஞ்சி பருக்கிவிட்டு வாயைத் துடைத்துவிடுவேன். அவர் அந்தச் சந்தோஷத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அவருக்குச் செய்தது அன்போ, துரோகமோ? நாலு வேதப்புத்தகம் படித்தவன் நீ, எனக்குச் சொல்லு. நான் யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன்.

பிறகு அவரைப் போலவே நீயும் அந்த ஞாயிறைத் தூக்கிக்கொண்டாய். உன் வழியனுப்பு ஆராதனைக்குப் பரமேஸ் வந்தது உனக்குத் தெரியாது. உன்மேல் உள்ள பட்சத்தில் வந்தவள், நெற்றி நிறையத் திருநீறோடு வாசல் படியில் நின்றே எல்லாம் கேட்டாள். நீ படத்தைத் தூக்கிக் காட்டியபோது நான் செருப்பைப் பார்த்தேன் என்றேனே, அதற்கு முதல் அவளைத்தான் திரும்பிப் பார்த்தேன். முடிய எல்லாரும் தேத்தண்ணிக்குப் போக, பைப்படியில் வைத்து என்னைப் பிடித்தாள். "தம்பி என்னைத்தான் சொல்லுறார், என்ன?" "ஓம்." "ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. பெடியன் எவ்வளவு சந்தோசமா நிக்குது. அது போகட்டும்." அவளுக்கு இருந்த மனசு பார். நானும் அவள் சொன்னதைச் சாட்டாக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உன்னை பஸ் ஏற்றிவிட்டேன்.

ஆனால் நீ இந்த முறையைக் கேட்டாயே, அது எனக்குத் தாங்கவில்லை. நீ பொதியை அடுக்கி வைத்துவிட்டு ஜெபம் தொடங்க, அங்கே தேயிலை பிடுங்குகிற ஒருத்தி வந்து உன் பைப்படியில் நெற்றியைக் கழுவப்போகிறாள். நீ யன்னலோரம் நின்று படம் எடுக்கப்போகிறாய். முதல்தரம் நான் செய்தது பிழை. தெரிந்துகொண்டு உனக்கு எழுதி அனுப்பினால் அதற்குப் பெயர் வேறு.

நேற்றுப் பின்னேரம் பரமேஸ் வீட்டுக்குப் போனேன். நீ போனில் கேட்டதை அப்படியே சொன்னேன். "சொல்லாதேங்கோ எண்டனீர், இப்ப நான் சொல்லவேண்டிக் கிடக்கு. உம்மைக் கேக்காமல் எழுத எனக்கு மனம் வரேல்லை" என்றேன். அவள் மனுசனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு அந்த மனுசன்தான், "எழுதுங்கோ அக்கா, பெடியனுக்குத் தெரியத்தானே வேணும்" என்றார். அந்தப் பொதி ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல்தரம்.

முறையைக் கேட்டாய், எழுதுகிறேன். இரண்டு வாசல் உள்ள இடமாகப் பார். ஒன்றால் வரட்டும், மற்றதால் போகட்டும், நெரிசல் வராது. லேன் லேனாக வேறு வேறு நாளில் கூப்பிடு. வயதானவர்களையும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் முதலில் விடு. நடக்க ஏலாதவர்களுக்கு நீயே கொண்டுபோய்க் கொடு. போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திரு. மிஷன் படம் கேட்டால் அடுக்கி வைத்த பொதியைப் படம் எடுத்து அனுப்பு. யாராவது வந்து கோயிலைச் சொன்னாலோ, சமயத்தைச் சொன்னாலோ, இழுத்து இழுத்து நின்றாலோ, கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார். "பொதி கனக்கும், படலைவரைக்கும் தூக்கிவிடவோ?" என்று கேள். ஜெபம் பண்ண வேண்டுமென்றால் எல்லாரும் போன பிறகு பண்ணு, உனக்காகவும் எனக்காகவும்.

இதை வாசித்த பிறகு, ஆண்டவர் உன்னைக் கூப்பிட்டது உண்மைதானோ என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும். நான் பொய்யாக ஒன்று சொல்லித் தேற்றப்போவதில்லை. பொதியைக் கொடுத்து முடித்துவிட்டு யோசி. இருக்கப்போகிறாய் என்றால் இரு. வரப்போகிறாய் என்றால் வா, உன் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன், யாரும் உன்னை ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பரமேஸ் என்னைப் படலைவரைக்கும் கொண்டுவந்து விட்டாள். "எழுதேக்கை ஒண்டு எழுதுங்கோ அக்கா" என்றாள். "முகம் தெரியாத தாய் எண்டு தம்பி சொல்லிச்சுது. எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம். அந்தப் படத்துக்குப் பின்னாலை என்ரை பேரை எழுதச் சொல்லுங்கோ. முழுப் பேரையும்."

பரமேஸ்வரி தியாகராசா. எழுதிக்கொள், மோனை.

அம்மா